பாடம் நடக்காத மூன்று புதன்கிழமைகள்

இங்கே நான் எழுதப்போவது என் கண்ணால் கண்டதையும் என் காதால் கேட்டதையும் மட்டுமே. அவற்றுக்கு அப்பாற்பட்டது ஏதேனும் வருமானால், அந்த வகுப்பின் ஆசிரியர் இருவரையும் தனித்தனியே கேட்டு, இருவரும் ஒரே விதமாகச் சொன்ன பிறகே அதைச் சேர்த்திருக்கிறேன். காசாப் போர் தொடங்கிய ஐப்பசிக்குப் பின்வந்த மாதங்களில், எங்கள் வகுப்பைப் பற்றிக் கைத்தொலைபேசி வழியே என்னிடம் வந்து சேர்ந்த செய்திகளில் ஒன்றுகூட நேரில் கண்டவர் எழுதியதாக இல்லை. அங்கே ஒரு நாட்டின் கொடியை ஏற்றுகிறார்கள் என்றது ஒன்று; அதே கொடியைக் கொளுத்தினார்கள் என்றது இன்னொன்று. அந்த அறையில் கொடி கட்டக் கம்பமும் இல்லை, ஆணியும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த அறையைப் பூட்டித் திறக்கும் திறப்பு என் கைப்பையில் கிடக்கிறது, எனக்குத் தெரியும். காணாதவர்களின் சொல்லால் ஒரு வகுப்பு மூடப்படும் நிலைக்கு வந்தது. கண்ட நான், காணாததையும் கலந்து எழுதினால், அவர்கள் செய்ததையே நானும் செய்தவளாவேன்.

ஆட்களின் பெயர்களைத் தரவில்லை. பெயர் தெரிந்தால் ஆளைத் தேடுவார்கள். தேடப்பட்டவர்களை எங்கள் ஊரிலேயே நான் அறிவேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வகுப்பின் ஆசிரியர்களோடும் பெற்றாரோடும் நான் பேசியது ஜெர்மன். அதுவும் வேலையிடங்களில் பழகிய ஜெர்மன். அவர்கள் சொன்னவற்றை என் வீட்டுப் பேச்சிலேயே எழுதியிருக்கிறேன். ஏட்டுத் தமிழில் தந்தால், அவர்களிடம் இல்லாத மிடுக்கு ஒன்று அவர்கள் வாயில் ஏறிவிடும்.

அறை தமிழ்ப் பள்ளியினுடையது. சரியாகச் சொன்னால், சுவிட்சர்லாந்தின் பீல் நகரில், நகரசபைக் கட்டடமொன்றின் கீழ்த்தளத்தில் தமிழ்ப் பள்ளி ஒப்பந்தம் எழுதிப் பெற்றுக்கொண்ட அறை. சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகள் அங்கே தமிழ் படிக்கிறார்கள். மேல்வகுப்புக்கு இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்பது நான். வாரத்தில் நான்கு நாள் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் சிறுசக்கரங்கள் பொருத்துகிறேன். புதன்கிழமை எனக்கு ஓய்வு. சிறுவர்களுக்கும் புதன்கிழமைப் பிற்பகலில் பள்ளியில்லை. ஆகவே, வகுப்பு நடத்த இடம் தேடி இருவர் வந்தபோது, புதன் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை அறையைத் தரலாம் என்று எங்கள் குழு இசைந்தது. திறப்போடு நான் வர வேண்டும் என்பது ஏற்பாடு. அது போருக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு.

வந்த இருவரில் ஒருவர் இஸ்ரேலில் பிறந்த யூதப் பெண். முதியோர் இல்லமொன்றில், விழுந்து எழுந்தவர்களை மீண்டும் நடக்கப் பழக்குவது அவர் தொழில். மற்றவர் அதே நாட்டின் வடபகுதியில் பிறந்த பலஸ்தீன அரபு ஆண். மருந்தகத்தில் வேலை செய்கிறார். இருவர் பிறந்த ஊர்களுக்கும் இடையே பஸ்ஸில் ஒரு மணி நேரங்கூட இல்லை என்று இருவருமே சொன்னார்கள். ஆனால் ஒருவரையொருவர் முதலில் கண்டது பீலில். யூதக் குடும்பங்களின் பிள்ளைகளும் அரபுக் குடும்பங்களின் பிள்ளைகளும் ஓரறையில் அமர்ந்து எபிரேயமும் அரபும் ஒருங்கே கற்க வேண்டும் என்பதே அவர்கள் தொடங்கிய வகுப்பின் நோக்கம்.

அவர்கள் கற்பித்த முறையை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒரே நேரத்தில் இருவரும் அறையில் நிற்பார்கள். ஒவ்வொருவரும் தம் மொழியில் மட்டுமே பேசுவார். ஒருவர் சொன்னதை மற்றவர் மொழிபெயர்க்க மாட்டார். ஆண் அரபில் ஒரு கதையைத் தொடங்கிப் பாதிவழியில் நிறுத்துவார்; நிறுத்திய இடத்திலிருந்து பெண் எபிரேயத்தில் தொடர்வார். ஒரு மொழியை மட்டும் கேட்ட பிள்ளைக்குக் கதையின் பாதி கிடையாது. மறுபாதியைப் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டுத்தான் பெற வேண்டும். பலகையை நடுவே பட்டியொட்டி இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இரண்டு மொழியும் வலமிருந்து இடமாக எழுதப்படுவதால், வலப்பாதி யாருக்கு என்ற போட்டி முதல் மாதத்திலேயே வந்தது. ஒரு வாரம் ஒருவர், மறு கிழமை மற்றவர் என்று முறைவைத்துத் தீர்த்துக்கொண்டார்கள். இவற்றுக்கெல்லாம் மேலான விதி ஒன்றிருந்தது: இருவரில் ஒருவர் வராவிட்டால் மற்றவர் பாடம் நடத்தக்கூடாது. தனியே ஒருவர் சொன்னால் கதை முழுவதும் அவருடையதாகிவிடும் என்பது அவர்கள் காரணம்.

நான் அடுத்த அறையான சமையலறையில் அமர்ந்து, தமிழ்க் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருப்பேன். இடைக்கதவு திறந்தே இருக்கும்.

போர் தொடங்கிய பின் வந்த முதல் புதன்கிழமை, நான் வழக்கத்துக்கு முன்னதாகவே போனேன். யார் வருவார், யார் வரார் என்று எனக்குத் தெரியவில்லை. ஆசிரியர் இருவரும் வந்தார்கள். வகுப்பறைக்குள் போகாமல் சமையலறையில் எதிரெதிரே நின்றார்கள். நான் தேநீருக்காகக் கேத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னை வெளியே போகச் சொல்ல இருவருக்கும் தோன்றவில்லை.

"நாலு நாள்," என்றார் அந்தப் பெண். "நாலு நாளா நீர் எனக்கு ஒரு வரி எழுதேல்ல."

"என்ன எழுதுறது? கவலைப்படுறன் எண்டோ? எழுதினா அடுத்த வரியில நீர் என்ன கேப்பீர் எண்டு எனக்குத் தெரியும்."

"ஓம், அவங்கள் செய்தது சரியோ எண்டு கேட்டிருப்பன்."

"அதுதான் எழுதேல்ல."

"நீர் எழுதியிருந்தா நானும் உம்மட ஆக்களைப் பற்றிக் கேட்டிருப்பன்."

"கேட்டிருப்பீரோ?"

கேத்தல் கொதித்தது. பிறகு அரபு ஆசிரியர், "பிள்ளையள் வந்திட்டினம்," என்றார். இருவரும் உள்ளே போனார்கள். பதினான்கு பிள்ளைகளில் ஐவர் வந்திருந்தார்கள். ஒரு சிறுமி பலகையைக் காட்டி, "இண்டைக்கு ஆர் வலப்பக்கம்?" என்று கேட்டாள். அன்று எபிரேயத்தின் முறை. பாடம் நடந்தது.

கார்த்திகை முடிவதற்குள் ஐவர் ஒன்பதின்மர் ஆனார்கள். அதே மாதத்தில் ஒருநாள், கதவில் மூன்று மொழிகளின் எழுத்துகளில் வகுப்பின் பெயர் எழுதி ஒட்டியிருந்த தாள் காணாமற்போயிற்று. பகைவர் கிழித்தார்கள் என்று பேச்சுப் பரவிற்று. ஒட்டுப்பட்டி பழையது, தானாகவும் விழுந்திருக்கலாம். எதுவாயினும் அடுத்த புதனே இரு மடங்கு பெரிய தாளில் எழுதி, நான்கு பக்கமும் புதுப்பட்டி போட்டு நானே ஒட்டினேன்.

அந்தப் பேச்சு எங்கள் தமிழ்ப் பள்ளித் தலைவரின் காதுக்கும் போயிருக்கிறது. பகல் முழுவதும் ஓல்டன் நகரில் பொதி ஏற்றும் கிடங்கில் நின்றுவிட்டு வந்து, மாலையில் பள்ளிக்காக அலைந்த மனிதர் அவர். அந்த அறைக்கு உட்காரக் கதிரைகள் சுமந்துவந்தவரும் அவரே. சனிக்கிழமை வகுப்பு விட்டதும் என்னிடம் வந்தார்.

"ரீச்சர், ஒரு விசயம் கதைக்கோணும். கோவிக்கப்படாது."

"கோவிக்கிற விசயமெண்டா கோவிப்பன், அண்ணை. சொல்லுங்கோ."

"அந்தப் புதன்கிழமை ஆக்களைக் கொஞ்ச நாளைக்கு வேற இடம் பாக்கச் சொல்லுங்கோவன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"சண்டை முடியுமட்டும்."

"எங்கட சண்டை எவ்வளவு காலம் நடந்தது, அண்ணை?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே தலையைச் சொறிந்தார். "உங்களோட கதைச்சு வெல்லேலாது. ஆனா நகரசபை அந்த ஆக்களோட சேர்த்து எங்களையும் வெளிய விட்டா? எங்கட பிள்ளையள் எங்க போறது? மற்றவன்ர வீட்டு நெருப்பை நாங்கள் ஏன் மடியில கட்டுவான்?"

"நகரசபையில ஆர் அப்பிடிச் சொன்னது?"

"இன்னும் சொல்லேல்ல. சொல்லுவினம் எண்டு கதை."

"கதையோ!" என்றேன். திங்கட்கிழமை இடைவேளையில் நகரசபைக்கு நானே தொலைபேசி எடுத்தேன். அப்படி ஒரு முறைப்பாடும் தமக்கு வரவில்லை என்று அங்கிருந்த பெண் சொன்னார். இதைத் தலைவரிடம் சொன்னபோது, இனி வரும் என்றார். இறுதியில் குழு கூடி ஒரு நிபந்தனை வைத்தது. நத்தார் எனப்படும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்பு வகுப்பின் பெற்றார் எல்லாரையும் அழைத்துக் கூட்டம் வைக்க வேண்டும். இரு தரப்பாரும், வகுப்பு வேண்டும் என்று ஒரே தாளில் கையொப்பம் இட வேண்டும். இட்டால் அறை உண்டு, இல்லையேல் இல்லை.

கூட்டத்தை ஒழுங்கு செய்யும் பொறுப்பை நான் ஏற்றேன். பிழை அங்கேதான் நிகழ்ந்தது. அது முழுவதும் என் பிழை.

எங்கள் கூட்டம் எதுவும் பொதுச்சுடர் ஏற்றாமல் தொடங்குவதில்லை. ஈழப்போரில் இறந்தவர்களின் உறவினர் ஒருவரை முன்னே அழைப்போம்; அவர் சுடரேற்றுவார்; பிறகு எல்லாரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் அகவணக்கம் செலுத்துவோம். விளையாட்டுப் போட்டியானாலும் பரிசளிப்பானாலும் இதுவே முறை. முப்பது ஆண்டுகளாக இந்நாட்டு மண்டபங்களில் இதைச் செய்துவருகிறேன். சுடரேற்றுபவர் யார் என்பதில் எங்களுக்குள் பிணக்கு வந்ததை நான் கண்டதில்லை. அந்த மண்டபங்களில் கூடியிருப்பவர்களின் இறந்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கத்தில் இறந்தவர்கள். அல்லது, அப்படித்தான் நாங்கள் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

வகுப்பிலிருந்த சிறுமி ஒருத்தியின் தாயார் காசாவைச் சேர்ந்தவர். அவருடைய தமையனின் குடும்பம் குண்டுவீச்சில் இறந்ததை அவரே சமையலறையில் வைத்து என்னிடம் சொன்னார். சுடரேற்ற அவரைக் கேட்டேன். தலையசைத்தார். கதிரை போடுவதும் தேநீர் வைப்பதும் போல இதுவும் வரவேற்பவரின் கடமை என்று எண்ணினேனே ஒழிய, ஆசிரியர் இருவரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. மற்றப் பெற்றாரில் யாருக்கு இழப்பு நேர்ந்தது என்றும் கேட்கவில்லை. மாணவரின் கொப்பியில் ஒற்று மிகாத இடத்தில் மிகுந்தால் நூற்பா காட்டித் திருத்துபவள் நான். கேட்டறிய வேண்டிய இடத்தில் கேட்கத் தவறினேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் கூட்டம். பெற்றார் ஏறக்குறைய எல்லாரும் வந்துவிட்டார்கள். தலைவரும் பின்வரிசையில் இருந்தார். மேசையில் குத்துவிளக்கு, பக்கத்தில் கையொப்பத் தாள். நான் எழுந்து வரவேற்றேன். போரில் இறந்த எல்லாருக்குமாகச் சுடரேற்றி, ஒரு நிமிடம் பேசாமல் எழுந்து நிற்போம் என்று சொல்லி அந்தத் தாயை அழைத்தேன். அவர் வந்து நெருப்புக்குச்சியைத் தட்டினார்.

"பொறுங்கோ," என்று ஒரு குரல். இரண்டு சிறுமிகளின் தந்தை, யூதர், ஓல்டனிலிருந்து கிழமைதோறும் றெயினில் பிள்ளைகளைக் கூட்டிவருபவர். எழுந்து நின்றார். "இது ஆருக்கு?"

"இறந்த எல்லாருக்கும்," என்றேன்.

"எல்லாருக்குமெண்டா ஏன் அவ?"

அவர் கதிரைகளைத் தாண்டி மேசையருகே வந்தார்.

"என்ர மச்சானைப் போர் துவங்கின முதல்நாள் அவன்ர வீட்டுக்குள்ள வைச்சுச் சுட்டவங்கள். நாலு வருசமா இந்த வகுப்புக்கு வாறன். ஆராவது என்னைக் கேட்டனீங்களோ?"

குச்சி எரிந்து விரலைத் தொட்டிருக்க வேண்டும். அந்தத் தாய் கையை உதறினார். "நானும் கொளுத்தக் கேக்கேல்ல," என்றார். "என்னை இவதான் கூப்பிட்டவ."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அன்று அவர்கள் ஒத்துக்கொண்டது அந்த ஒன்றில்தான்.

தந்தை பிள்ளைகளுக்கு மேலங்கி மாட்டி அழைத்துக்கொண்டு போனார். அவருக்குப் பின்னே சில குடும்பங்கள். தாயும் விளக்கைத் தொடாமல் தம் மகளோடு போனார். எஞ்சியோர் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு தத்தம் மொழியில் மெல்லப் பேசினார்கள். பிறகு அவர்களும் போனார்கள். தாளில் ஒரு கையொப்பமும் விழவில்லை.

எபிரேய ஆசிரியர் கடைசியாகப் புறப்பட்டார். அந்தத் தந்தையின் இழப்பு அவருக்குத் தெரிந்திருந்தது. எவரிடமும் சொல்ல வேண்டாம் என்று தந்தை கேட்டிருந்ததால் சொல்லவில்லை. வாசலில் நின்று என்னிடம், "நாங்கள் கதைக்கிறதுக்கெண்டு துவங்கின வகுப்பு இது," என்றார். "நீர் முதல் வேலையா எல்லாரையும் கதைக்காம நிக்கச் சொன்னீர்."

அன்று மாலை அவரிடமிருந்து எனக்கும் அரபு ஆசிரியருக்கும் ஒரே செய்தி வந்தது: நான் வரேல்ல. எவ்வளவு நாளைக்கெண்டு கேக்காதேயுங்கோ.

புதன்கிழமை நான் திறப்போடு போனேன். ஒருவர் இல்லாமல் மற்றவர் கற்பிக்கக்கூடாது என்ற விதி எனக்குத் தெரியும். எனவே பூட்டிக்கொண்டு திரும்ப வேண்டி வரும் என்றே நினைத்தேன். இரண்டு மணிக்கு அரபு ஆசிரியர் வந்தார். நான்கு பிள்ளைகள் வந்தார்கள். அவர் பிள்ளைகளிடம், "இண்டைக்குப் பாடம் இல்லை," என்றார். சொல்லிவிட்டுக் கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தார்.

"அப்ப வீட்டை போறேல்லையோ?" என்று கேட்டேன்.

"பாடம்தானே இல்லை, சகோதரி," என்றார். என்னை எப்போதும் தம் மொழியில் அப்படித்தான் அழைப்பார். "வகுப்பு இருக்கு."

இரண்டு மணி நேரம் இருந்தோம். அவர் பலகையில் ஒரு கோடும் இழுக்கவில்லை. ஒரு பையன் தன் பள்ளிக் கணக்குகளைச் செய்தான். இருவர் சீட்டு விளையாடினார்கள். சிறுமி ஒருத்தி கதை சொல்லும்படி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னட்ட பாதிக் கதைதான் இருக்கு," என்றார். "பாதியைச் சொல்லுங்கோ," என்றாள். "பாதியைச் சொல்லப்படாது." அவள் முகத்தைச் சுளித்துவிட்டுச் சீட்டு விளையாட்டில் சேர்ந்துகொண்டாள். நான்கு மணிக்குக் கதவைப் பூட்டினேன்.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் ஓல்டனுக்கு றெயின் எடுத்தேன். அந்தத் தந்தையின் வீட்டு மணியை அழுத்தினேன். அவர் கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. கேட்காமல் நடந்தது என் பிழை என்றும் அதற்காக வருந்துகிறேன் என்றும் சொன்னேன்.

"சரி," என்றார். "சொன்னீர். கேட்டன்."

"பிள்ளையள் புதன்கிழமை..."

"நீர் வருத்தம் சொல்ல வந்தனீரோ, பிள்ளையளைக் கேக்க வந்தனீரோ?"

"வருத்தம் சொல்ல," என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காமல் திரும்பினேன். சேர்த்திருந்தால் முன்னே சொன்னது பொய்யாகியிருக்கும்.

சனிக்கிழமை குழு கூடிற்று. ஐந்து பேர், இடம் அதே சமையலறை. தலைவர் வெறுமையான கையொப்பத் தாளை மேசையில் வைத்தார்.

"ரீச்சர், ஆரும் கையெழுத்து வைக்கேல்ல. புதன்கிழமை ஒருத்தரும் படிப்பிக்கவும் இல்லையாம். சும்மா இருந்தவையாம். பிறகேன் அறை?"

"சும்மா இருந்தது உண்மை. நானும் இருந்தனான்."

"அப்ப நீங்களே சொல்லுங்கோ."

"பாடம் நடந்தா அறையை எடுங்கோ, அண்ணை, பாடத்தை எங்கயும் வைக்கலாம். பாடம் நடக்கேலாம இருக்கேக்கதான் அவைக்கு இந்த அறை வேணும். இப்ப கதவைப் பூட்டினா அது பிறகு திறபடாது."

குழுவின் செயலாளர் இந்நாட்டில் பிறந்த இளம்பெண். ஒருகாலத்தில் என் மாணவி. "ஃபெர்ட்ராக்கை வாசிச்சுப் பாத்தனான்," என்று ஒப்பந்தத் தாளைத் தூக்கிக் காட்டினாள். "அறையை வேற ஆக்களோட பகிரலாமெண்டு இருக்கு. அவையால எங்களுக்குப் பிரச்சினை எண்டு இதில ஒண்டும் இல்லை, அங்கிள்."

"தாளில இருக்காது பிள்ளை. ஆக்களின்ர வாயில இருக்கும்," என்றார் தலைவர். பிறகு என் பக்கம் திரும்பி, "நாங்கள் பட்டது காணாதோ, ரீச்சர்? இதையும் ஏன் தலையில போடுவான்?"

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். முப்பது ஆண்டுகளில் தமிழர் நடுவே நான் வாய்திறந்து சொல்லாதது அது. யாழ்ப்பாணத்தில் என் வகுப்பில் மூன்று முஸ்லிம் மாணவியர் இருந்தார்கள். ஓர் ஐப்பசியில், முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று எங்கள் பெயரால் ஆயுதம் வைத்திருந்தவர்கள் கட்டளையிட்டார்கள். மறுகிழமை பள்ளிக்குப் போனபோது அந்த மூன்று கதிரைகளும் வெறுமையாயிருந்தன. ஆசிரியர் வரவு கூப்பிடுகையில் அந்த மூன்று பெயர்களையும் தாண்டி வாசித்தார். முப்பது மாணவியர் இருந்தோம். ஒருத்தியும், அவர்கள் எங்கே என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தலைவரின் முகம் சிவந்தது.

"அதை ஏன் இப்ப இழுக்கிறியள்?"

"அப்ப இழுக்கேல்ல, அண்ணை. அதுதான்."

"நாங்கள் ஆரும் துரத்தேல்லத்தானே."

"ஓம், துரத்தேல்ல. பாத்துக்கொண்டு இருந்தனாங்கள். இஞ்ச நான் பாத்துக்கொண்டு இருக்கமாட்டன். ஷெல்லடிக்கேக்க மேசைக்குக் கீழ இருந்து சோதினை எழுதின ஆக்கள் நாங்கள். பீலில நாலு பிள்ளையள் கதிரையில இருக்கிறதுக்குப் பயப்பிடுறமோ? அறையை நீங்கள் எடுக்கலாம், எடுக்க உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா புதன்கிழமை அந்தக் கதவு பூட்டியிருந்தா, சனிக்கிழமை மேல்வகுப்புக்கு வேற ஆளைப் பாருங்கோ. நான் வரமாட்டன்."

அது வெறும் மிரட்டல் அன்று. அந்த மேல்வகுப்பை நான் பதினெட்டு ஆண்டுகளாக நடத்துகிறேன். இந்நாட்டில் நான் செய்தவற்றுள் செய்யத்தக்கது அதுவொன்றே என்று நம்புகிறேன். அதை இழக்க ஆயத்தமாகவே சொன்னேன்.

தலைவர் தேநீர்க் கோப்பையைத் தள்ளிவைத்தார். "அடுத்த கூட்டத்தில பாப்பம்," என்றார் கடைசியில். செயலாளர் குறிப்பேட்டில் 'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதினாள். அதன்பின் எத்தனையோ கூட்டங்கள் நடந்துவிட்டன. அந்தப் பொருள் மீண்டும் எடுக்கப்படவில்லை. எடுக்க நானும் நினைவூட்டவில்லை.

இரண்டாம் புதன்கிழமையும் பாடம் இல்லை. ஆறு பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் இருவர் யூதப் பிள்ளைகள். தங்கள் ஆசிரியர் இல்லை என்று தெரிந்தே பெற்றார் அவர்களைக் கொண்டுவந்து விட்டார்கள். காசாத் தாயும் மகளோடு வந்தார். முன்பெல்லாம் வாசலோடு போய்விடுபவர், அன்று உள்ளே வந்து அமர்ந்தார். நான் அருகே போய் மன்னிப்புக் கேட்டேன்.

"இனி என்னை ஒண்டும் கொளுத்தச் சொல்லாதேயும்," என்றார். "அடுப்பு எண்டாலும் நீரே கொளுத்தும்."

தேநீருக்கு அடுப்பை நானே மூட்டினேன்.

மூன்றாம் புதன்கிழமை, நத்தார் விடுமுறைக்கு முந்தியது. தலைவர் வந்தார். வேலை உடுப்போடு வாசலில் நின்று உள்ளே எட்டிப்பார்த்தார். அரபு ஆசிரியர் எழுந்து கைகொடுத்துத் தம் கதிரையைக் காட்டினார். தலைவர் அமர்ந்தார். ஏழு பிள்ளைகள் தரையில் கிடந்து ஒரு பெரிய தாளில் ஏதோ ஊர்ப்படம் வரைந்துகொண்டிருந்தார்கள். பலகை வெறுமையாக இருந்தது.

"என்ன ரீச்சர் நடக்குது?" என்று தமிழில் கேட்டார்.

"ஒண்டும் நடக்கேல்ல, அண்ணை."

"எப்ப நடக்கும்?"

"அவ வந்தாப் பிறகு."

"வராட்டி?"

"வராட்டி அடுத்த கிழமையும் ஒண்டும் நடக்காது."

"சரியான விசர் பிடிச்ச ஆக்கள்," என்றார். அரபு ஆசிரியர் அது என்னவென்று கேட்டார். மொழிபெயர்க்கும் வழக்கம் இந்த அறையில் இல்லை என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். தலைவர் நான்கு மணி வரை இருந்து, எவரும் கேட்காமலே கதிரைகளை அடுக்கிவைத்துவிட்டுப் போனார்.

விடுமுறைக்குப் பின் வந்த முதல் புதன்கிழமை, இரண்டு மணி கடந்து பத்து நிமிடத்தில் கதவு திறந்தது. எபிரேய ஆசிரியர். மேலங்கியைக் கழற்றாமலே பலகைக்கு முன் வந்து நின்றார். வணக்கமும் சொல்லவில்லை, விளக்கமும் தரவில்லை.

"இண்டைக்கு ஆரின்ர கிழமை?" என்று கேட்டார்.

"உம்மட கிழமை," என்றார் அரபு ஆசிரியர். "நீர் போன நாளில இருந்து உம்மட கிழமைதான்."

எபிரேய ஆசிரியர் வலப்பாதியில் எழுதத் தொடங்கினார். அன்று மாலை பிள்ளைகள் போன பின்பு இருவரும் சமையலறையில் பெருஞ்சண்டை பிடித்தார்கள். அவர்கள் ஜெர்மனை விட்டு எபிரேயத்துக்கும் அரபுக்கும் மாறிவிட்டதால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆகவே எழுதவில்லை. மறுகிழமை இருவரும் நேரத்துக்கு வந்தார்கள்.

வகுப்பு நடக்கிறது. போர் ஓய்ந்தது என்று அறிவித்த நாள்களிலும் நடந்தது, மீண்டும் மூண்டது என்று அறிவித்த நாள்களிலும் நடந்தது. சென்ற கிழமை பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள், எண்ணிப் பார்த்தேன். ஒருவர் வராத நாளில் பாடம் இல்லை, கதவு திறந்திருக்கும். அதை மூடச் சொல்வோருக்கு ஒன்று சொல்கிறேன்: உங்களிடம் இருப்பது செய்தி, என்னிடம் இருப்பது திறப்பு.

எனக்குத் தெரியாதவையும் உள்ளன. எபிரேய ஆசிரியர் ஏன் திரும்பிவந்தார் என்பது தெரியாது. ஒருமுறை கேட்டேன், சொல்லவில்லை. கொடியைப் பற்றிய செய்தியை முதலில் எழுதியவர் யார் என்பது தெரியாது. ஓல்டன் தந்தையின் இரண்டு மகள்களும் அதன்பின் வகுப்புக்கு வரவில்லை. அவர்கள் வருவார்களா என்பதும் எனக்குத் தெரியாது.